ஜீபிகள் எழுதி வைத்த நீண்ட கணக்கு



காய்ச்சல் வந்தால் முதலில் ஜீபியிடம் போகிறோம். அவர் ஆராய்ச்சியும் செய்வார் என்று நினைப்பதில்லை. 1968-ல் பிரிட்டன் முழுவதும் சுமார் 1,400 ஜீபிகள் டாக்டர் கிளிஃபோர்ட் கே நடத்திய ஓர் ஆய்வில் சேர்ந்தார்கள். கருத்தடை மாத்திரை இந்நாட்டுக்கு வந்து ஏழு வருஷமே ஆகியிருந்தது. சுகமாயிருக்கும் பெண் வருஷக்கணக்கில் விழுங்கும் மருந்து அது; பயம் நியாயமானதே.

மாத்திரை எடுத்தவர்கள் சுமார் 23,000 பேர், எடுக்காதவர்களும் அவ்வளவு பேர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரவர் ஜீபி விவரம் அனுப்பினார். என்ன பொறுமை! பின்னர் பொறுப்பேற்ற பேராசிரியர் பிலிப் ஹன்னாஃபோர்டும் ஜீபிதான்.

முப்பத்தைந்து வயதைத் தாண்டிப் புகைபிடிப்பவர்களுக்கு மாத்திரையால் இரத்த ஓட்ட நோய் ஆபத்து அதிகம் என்று முதலில் தெரிந்தது. 44 வருஷம் வரை பின்தொடர்ந்த முடிவுகள் 2017-ல் வந்தன. கருப்பை, சினைப்பை, பெருங்குடல் புற்றுநோய்கள் மாத்திரை எடுத்தவர்களிடம் குறைவு. மார்பகப் புற்றுநோய் எடுக்கும் காலத்தில் சற்று அதிகம். நிறுத்திச் சில வருஷங்களில் அந்த வித்தியாசம் மறைந்தது.

நம் பெண்களோ இதை ஜீபியிடம் கேட்கவே கூச்சப்படுகிறோம். ஆங்கிலம் தடையென்றால் சர்ஜரியில் முன்கூட்டியே சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்வார்கள்.