தடை விதிப்போர் காரணம் காட்டுக!



ஒரு நாட்டில் முறையாக ஆக்கப்பட்டு முறையாக விற்கப்படும் பொருளை, அயல் நாடு தன் சட்டத்தைக் காட்டி மறிக்கலாமா? இவ்வினா வணிகர்க்கு மட்டும் உரியதன்று. விளைவிப்போனின் வாழ்வையும், உண்போனின் நலத்தையும், அரசின் ஆணையுரிமையையும் ஒருங்கே தொடுவது. இதற்கு ஐரோப்பிய நீதிமன்றம் கண்ட விடையை இன்று உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

1957 ஆம் ஆண்டு ஆறு நாடுகள் ரோமாபுரியிற் கைச்சாத்திட்ட உடன்படிக்கை, தம்முள் இறக்குமதிக்கு அளவுத் தடை விதிப்பதையும், அதற்கொப்பான விளைவுடைய பிற நடவடிக்கைகளையும் விலக்கியது. ஆயினும் மக்களின் உயிர், உடல்நலம், பொதுப் பாதுகாப்பு முதலியவற்றைக் காக்கும் உரிமையை அரசுகளுக்கு விட்டுவைத்தது. இவ்விரண்டிற்குமிடையே எல்லை வகுக்கும் பொறுப்பு லக்சம்பேர்க்கில் உள்ள நீதிமன்றத்தைச் சார்ந்தது.

பழமதுவில் நூற்றுக்கு 25 பங்கு மதுசாரமேனும் இருத்தல் வேண்டும் என்றது ஜேர்மனியச் சட்டம். பிரான்சின் கஸீஸ் என்னும் பழமதுவிலோ 15 முதல் 20 பங்கே இருந்தது. ஆகவே அதை அங்கு விற்க இயலாதாயிற்று. ஜேர்மனிய அரசு கூறிய காரணம் யாது? மெல்லிய மது மலிந்தால் மக்கள் எளிதிற் குடிக்குப் பழகிவிடுவர் என்பது! மெல்லிய மதுவகைகள் கடைகளில் ஏற்கெனவே மலிந்துள்ளன. வலியதையும் மக்கள் பெரும்பாலும் கலந்தே பருகுகின்றனர் என நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. வாங்குவோன் ஏமாறாதிருக்க, மதுசார அளவைப் போத்தலிற் பொறித்தாற் போதும் என 1979 பெப்ரவரி 20 இல் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பிலிருந்து வளர்ந்த நெறி எளியது. தடை விதிக்கும் அரசு மூன்றை நிறுவுதல் வேண்டும்: நோக்கம் பொதுநலம் சார்ந்தது, தடை அந்நோக்கத்தை நிறைவேற்ற வல்லது, அதனினும் மென்மையான வழி வேறில்லை.

உழவர்கள் கூர்ந்து நோக்கவேண்டிய வழக்கு இத்தாலியினுடையது. உலர்ந்த பாஸ்டா உணவைக் கடுங்கோதுமையால் மட்டுமே செய்து விற்கலாம் என்றது அந்நாட்டின் 1967 ஆம் ஆண்டுச் சட்டம். மென்கோதுமை கலந்த ஜேர்மனியப் பாஸ்டா வந்தால் தென்னித்தாலிய உழவரின் கடுங்கோதுமைக்குச் சந்தை குன்றும் என வாதிடப்பட்டது. அக்கவலை பொய்யன்று. எனினும் உழவரைக் காப்பது பொது வேளாண்மைக் கொள்கையின் கடன். அதற்காக அயற்பொருளை மறித்தல் ஆகாதென 1988 இல் நீதிமன்றம் கூறியது. தன் நாட்டு உற்பத்தியாளர்க்கு அச்சட்டத்தை வைத்துக்கொள்ள இத்தாலிக்குத் தடையில்லை என்றும் சொன்னது.

அரசுகள் என்றும் தோற்றன என எண்ணற்க. பியர், மென்பான வகைகளின் வெற்றுப் போத்தல்களை வைப்புப்பணம் பெற்று மீளச் சேர்க்கும் டென்மார்க்கின் முறை, சுற்றுச்சூழலைக் காப்பதென 1988 இலேயே ஏற்கப்பட்டது. மதுவுக்குக் குறைந்தபட்ச விலை விதித்த ஸ்கொட்லாந்தின் சட்டத்தை, சான்றுகளை ஆராய்ந்தே தீர்க்க வேண்டுமென 2015 இல் ஐரோப்பிய நீதிமன்றம் பணித்தது; பிரித்தானிய உயர்நீதிமன்றம் 2017 இல் அச்சட்டம் செல்லும் என்றது. சான்று காட்டிய அரசு வென்றது.

மக்கள் தேர்ந்த சபை செய்த சட்டத்தை நீதியரசர் சிலர் எடைபோடலாமா எனக் கேட்பார் உளர். நியாயமான கேள்வியே. ஆனால், மறிக்கப்பட்ட அயல்நாட்டு உற்பத்தியாளனுக்கு அச்சபையில் வாக்குண்டா? அவன் குரலுக்கு அங்கே செவியுண்டா? தன் குரல் எட்டாத அவையிலே தன் பிழைப்பைத் தீண்டும் சட்டம் பிறக்கும்போது, காரணம் கேட்க அவனுக்கு நீதிமன்றமன்றி வேறு வாயில் ஏது?

பெரும்பான்மை என்பது சட்டம் செய்யும் வலிமை, அதுவே நியாயமாகிவிடாது. பொதுநலம் என்ற சொல்லை எவரும் உச்சரிக்கலாம். அதை மெய்ப்பிக்கும் கடமை தடை விதிப்போரையே சாரும். ஆள்வோரை நோக்கிக் ‘காரணம் காட்டுக’ என்று கேட்கும் உரிமை இருக்குமிடத்தேதான் உழவனின் விளைபொருளும் வணிகனின் முதலும் அச்சமின்றி வழிச்செல்லும்.