தட்டில் அடங்காத குரல்

நேயர்களே, திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டில் தொடங்கியது. நாடக மேடையின் இசைவேந்தர் எஸ். ஜி. கிட்டப்பாவோ 1933ஆம் ஆண்டிலேயே, இருபத்தேழாம் வயதில் மறைந்துவிட்டார். ஆகவே அந்நிலையத்தை நம்பியிருந்த திண்டுக்கல் சீமை ரசிகர்கள் வானொலியில் கேட்டதெல்லாம் அவருடைய இசைத்தட்டுகளையே.

அந்நாளைய தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். மேடையிலோ, ஒலிபெருக்கியின் துணையின்றி, கடைசி வரிசைக்கும் எட்டும்படி அவர் பாடினார். சபையோர் மீண்டும் வேண்ட, ஒரே பாட்டு நெடுநேரம் வளர்ந்தது. அந்த வளர்ச்சி எந்தத் தட்டிலும் ஏறவில்லை. கேட்டவர் நெஞ்சில் மட்டுமே பதிந்தது.

அவரோடு நடித்து, அவரை மணந்த கே. பி. சுந்தராம்பாள் கணவரின் மறைவுக்குப் பின் வெள்ளுடை பூண்டு, 1980ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். அவரைக் காணுந்தோறும் மூத்த ரசிகர்களுக்குக் கிட்டப்பாவின் நினைவும் எழுந்தது.

தட்டுகள் இன்றும் நம்மிடம் உள்ளன. மேடையில் கேட்ட செவிகள்தாம் இல்லை. உங்கள் பாட்டனார் அந்த இரவுகளைப் பற்றிச் சொன்னது ஏதேனும் நினைவிருந்தால், அன்பர்களே, அதை இன்றே எழுதி வையுங்கள். தட்டு விட்டுவிட்ட பாதி அதில்தான் இருக்கிறது.