சத்தத்தை நிறுத்தலாம், காற்றை யார் நிறுத்துவது?

(பாடியில் நடைபெற்ற நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



சென்ற நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. பழைய டயாலிசிஸ் இயந்திரம் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, மதரஸாவை ஒட்டிய அறையில் வைத்து நம் மக்களுக்கு இலவசமாகச் செய்யலாமே என்றார்கள். சொன்னவர்களின் நிய்யத் தூய்மையானது. ஆனாலும் நான் தயங்கினேன். ஏன் தயங்கினேன் என்பதைச் சொல்வதற்காகவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

என் மச்சானுக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் நடந்த காலத்தில் நானும் உடன் போவேன். வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். ஒருநாள் அவர் தேநீர் வாங்கக் கையை நீட்டிப் புரண்டார். கொஞ்ச நேரத்தில் இயந்திரம் அலறியது. அப்போதுதான் கண் அயரப் போனவர் திடுக்கிட்டார். நான் டெக்னீஷியனிடம், "தம்பி, அந்தச் சத்தத்தை முதலில் நிறுத்துப்பா, மச்சான் கொஞ்சம் தூங்கட்டும்" என்றேன். அந்தப் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "சத்தத்தை நிறுத்திடலாம் பாய். காத்தை யாரு நிறுத்துறது?"

பிறகு காட்டினான். ஊசியும் குழாயும் சேரும் இடத்தில் இணைப்பு லேசாகத் தளர்ந்திருந்தது. அந்த வழியே காற்று உள்ளே போய், குப்பியில் நுரை தட்டியிருந்தது. இயந்திரம் தானாகவே பம்பை நிறுத்தி, உடலுக்குத் திரும்பும் குழாயை இறுக்கிப் பிடித்திருந்தது. அவன் இணைப்பை முறுக்கி, நுரையை அகற்றி, கால் மணி நேரம் கழித்தே மறுபடி ஓட விட்டான். தூக்கம் கெடக் கூடாது என்று நினைத்த நான், உயிரைக் காத்த மணியையே அணைக்கச் சொல்லியிருக்கிறேன். அஸ்தஃக்ஃபிருல்லாஹ்!

காற்று இரத்தத்தில் கலந்தால் என்ன ஆகும்? நம் பாடிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பிரேக்ஸ் இந்தியாவிலும் சுந்தரம் கிளேட்டனிலும் வேலை பார்த்த குடும்பங்கள் இங்கே எத்தனையோ. பிரேக் லைனில் காற்று புகுந்தால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும், அதுதான் காரணம். இதயமும் ஒரு பம்புதான். அதற்குள் பெரிய அளவில் காற்று சேர்ந்தால் அது துடிக்கும், இரத்தம் நகராது.

டமாஸ்கஸில் பிறந்து கெய்ரோவில் மருத்துவம் செய்த இப்னு நஃபீஸ் அவர்களை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். இதயத்தின் வலப்புறத்து இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடப்புறம் வருகிறது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதியவர் அவர். கையின் இரத்தக் குழாயில் புகும் குமிழியும் அதே பாதையில்தான் போகிறது. முதலில் இதயத்தின் வலப்புறம், அடுத்து நுரையீரல். அங்குள்ள மெல்லிய குழாய்களில் அது அடைத்துக்கொள்கிறது. மூச்சு முட்டுவதும், நெஞ்சு இறுகுவதும், இருமல் வருவதும் அதனால்தான்.

இதைத் தடுப்பதற்கு வைத்திருப்பதுதான் அந்தச் சிறு பிளாஸ்டிக் குப்பி. டிரிப் சேம்பர் என்பார்கள். நிமிடத்துக்கு 300 மில்லி என்று வைத்தால், 4 மணி நேரத்தில் 72 லிட்டர் இரத்தம் இயந்திரம் வழியே ஓடுகிறது. உடம்பில் இருப்பது சுமார் 5 லிட்டர்தான். அதே இரத்தம் திரும்பத் திரும்பப் போய் வருகிறது. குறுகிய குழாயில் அது நொடிக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் வேகத்தில் பாயும். 2 சென்டிமீட்டர் அகலமுள்ள குப்பிக்குள் வந்ததும் வேகம் ஒன்றரை சென்டிமீட்டராகக் குறையும். ஓட்டம் தணிந்தால் குமிழி மேலே ஏறிவிடும், இரத்தம் அடியில் உள்ள வலை வழியே இறங்கும். கீழே குழாயின் இருபுறமும் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி வாங்கும் கருவி ஒன்று உண்டு. இரத்தம் அந்த ஒலியைக் கடத்தும், காற்று தடுக்கும். ஒலி தடைபட்டால் பம்பு நிற்கும், கிளாம்ப் மூடும், அலாரம் அடிக்கும்.

இவ்வளவும் இருந்தும் குறை தீரவில்லை. அரை மில்லிமீட்டர் குமிழி நொடிக்குக் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் ஏறும், அது பிடிபடும். ஆனால் அளவு பாதியானால் ஏறும் வேகம் கால் பங்காகிவிடும். 0.05 மில்லிமீட்டர் குமிழி நொடிக்கு அரை மில்லிமீட்டர்கூட ஏறாது, இறங்கும் இரத்தம் அதையும் இழுத்துக்கொண்டு போகும். அத்தனை நுண்ணிய குமிழிக்கெல்லாம் அலாரம் அடிப்பதாக இருந்தால் சிகிச்சையே நடக்காது. இப்படித் தப்பிப் போகும் குமிழிகளைச் சுவீடன் நாட்டு உமியோ பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். குப்பியில் இரத்த மட்டத்தை உயர்த்தி வைத்தால் அவை குறைகின்றன என்றும் கண்டார்கள்.

வடிவமைப்பாளருக்கு இன்னொரு தலைவலியும் இருக்கிறது. காற்றைப் பிடிக்கும் குப்பியிலேதான் இரத்தம் காற்றைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் நுரைக்கும், உறையும். குப்பியை அகலமாக்கினால் குமிழி ஏற நேரம் கிடைக்கும், ஆனால் உடம்புக்கு வெளியே நிற்கும் இரத்தம் கூடும். இரத்தத்தைச் சுழல விட்டுக் குமிழியை நடுவே ஒதுக்குவது, மேலே காற்று வெளியே இல்லாத குப்பி செய்வது, காற்றை மட்டும் வெளியே விடும் சவ்வைப் பொருத்துவது என்று பல வழிகளில் முயன்று வருகிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வசதி உண்டு, ஒரு விலையும் உண்டு.

இளைஞர்களே, இதெல்லாம் எங்கோ வெளிநாட்டு ஆய்வகத்து வேலை, நமக்கு எட்டாது என்று எண்ணாதீர்கள். நெதர்லாந்தின் காம்பென் ஊரில், போர்க்காலமான 1943இல், டாக்டர் வில்லம் கோல்ஃப் முதல் டயாலிசிஸ் இயந்திரத்தைச் செய்தார். சுழலும் உருளைக்குள் இரத்தம் ஒழுகாமல் போய்வர வேண்டுமே? அதற்கு ஃபோர்டு காரின் தண்ணீர் பம்பு இணைப்பைப் பார்த்து வழி கண்டார். ஆரம்பத்தில் நோயாளிகள் பலர் பிழைக்கவில்லை. 1945இல்தான் 67 வயது மூதாட்டி ஒருவர் பிழைத்தெழுந்தார். கார் உதிரிபாகம் உயிர் காத்த கதை இது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அச்சு வார்ப்பும் ரப்பர் சீலும் செய்யும் கைகளுக்கு இந்த வேலை அந்நியமில்லை. பயோமெடிக்கல் படிக்க விரும்பும் பிள்ளைகளின் மனுவை நம் கல்வி உதவிக் குழு முன்னுரிமையோடு பார்க்கும், இன்ஷா அல்லாஹ்.

இப்போது அந்தப் பழைய இயந்திரத்துக்கு வருகிறேன். காற்றை உணரும் கருவி சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஆள் வேண்டும். சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். பயிற்சி பெற்ற டெக்னீஷியனும், கூப்பிட்டால் வரும் மருத்துவரும் வேண்டும். இவையில்லாமல் இயந்திரத்தை மட்டும் வாங்கி வைத்தால் அது ஸதகா ஆகாது, ஆபத்தாகிவிடும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்கல் வைக்க வேண்டும் என்ற பாடம் நமக்குப் புதிதல்ல. ஆகவே அந்தத் தொகையை, முறையான மையங்களில் சிகிச்சை பெறும் நம் நோயாளிகளின் டயாலிசிஸ் கட்டணத்துக்கும், புதிய குழாய் செட்டுக்கும், போக்குவரத்துக்கும் கொடுப்பது என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. சென்னையில் 1993 முதல் டேங்கர் ஃபவுண்டேஷன் ஏழைகளுக்காக இந்தப் பணியைச் செய்து வருகிறது. அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், வயிற்றின் வழியே வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கான பைகளையும் தருகிறார்கள். அதில் இரத்தம் வெளியே வருவதில்லை. யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மனு எழுத, அலைய, நம் அலுவலகம் துணை வரும்.

உடன் போகும் குடும்பத்தார் இவற்றை மனத்தில் வையுங்கள். ஊசி குத்திய கையைப் போர்வையால் மூடாதீர்கள், இணைப்பு கண்ணில் பட வேண்டும். நோயாளி புரளவோ எழவோ விரும்பினால் முதலில் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். சலைன் பை காலியாகிக்கொண்டிருந்தால் சொல்லுங்கள். குழாயில் நுரை கண்டாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ ஒரு நொடியும் பொறுக்காதீர்கள், உரக்கக் கூப்பிடுங்கள். பம்பை நிறுத்தி, குழாயை மூடி, இடப்புறமாக ஒருக்களித்துத் தலையைத் தாழ்த்திப் படுக்க வைத்து, ஆக்சிஜன் கொடுப்பார்கள். நீங்களாக எந்தப் பொத்தானையும் தொட வேண்டாம். என்னைப் போல், சத்தத்தை நிறுத்து என்றும் சொல்ல வேண்டாம்.

என் மச்சான் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் வாழ்ந்து, மகளின் நிக்காஹைக் கண் குளிரப் பார்த்துவிட்டே வஃபாத்தானார். நேரம் அல்லாஹ் குறித்தது. ஆனால் அன்றைக்கு அந்தக் குப்பியும், அந்தப் பிள்ளையின் நிதானமும் ஸபபாக இருந்தன. அவன் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் துஆவில் அவன் இருக்கிறான்.

நம் ஊர் நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பரிபூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களுக்குப் பணிவிடை செய்வோருக்கும், அவர்களுக்காகக் கருவி செய்வோருக்கும் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.