அறிக்கை எங்கே?
(ஆரணியில் நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



2014-ஆம் ஆண்டு ஜூன் 28-இல் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடமொன்று மழையிற் சரிந்தது. மாண்டோர் 61 பேர். பெரும்பாலோர் அங்கே வேலைக்கு வந்த கூலியாட்கள். அரசாங்கத்தார் ஓய்வுபெற்ற நீதிபதி ரகுபதியவர்களை விசாரணைக்கு அமர்த்தினர். உச்ச நீதிமன்றம் இசைந்தபின், அருகில் நின்ற கட்டிடமும் 2016 நவம்பர் 2-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

வரைபடத்திற்கு அனுமதி தருவது பெருநகர் வளர்ச்சிக் குழுமம். அதற்கு மேல் ஓர் அமைச்சர் உளர். ஆதலின் வினா சட்டசபைக்கே செல்லும். விசாரணை அறிக்கையை, எடுத்த நடவடிக்கைக் குறிப்புடன், 6 மாதத்திற்குள் சபைமுன் வைத்தல் வேண்டுமென்பது 1952-ஆம் ஆண்டுச் சட்டம். இதனைக் கேட்பார் எத்தனை பேர்? பட்டில் இழை அறுந்தால் நாம் நெய்தவரை மட்டுமோ கேட்கிறோம்? பாவு ஓட்டியவரையும் கேட்கிறோம் அன்றோ!

நம் சங்கக் கட்டிடத்தின்மேல் மாடி எழுப்ப எண்ணும் இந்நாளில், “அனுமதியைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லக் கேட்டோம். சொன்னவர் நம்மவர், அதனாலே இதுகாறும் வாய் திறவாதிருந்தோம், அது எம் பிழையே. அடுத்த கூட்டத்தில் நகராட்சியின் ஒப்புதலை மேசைமேல் வைக்குமாறு காரியதரிசியவர்களை இப்பொழுதே கேட்டுக்கொள்கிறோம்.