சில்லுக்குள் டைமிங் வைப்பது

தொகுப்புச் சுற்றுகளில் கடிகாரத் துடிப்பு இடத்துக்கு இடம் முன்பின்னாகப் போய்ச் சேர்வதைப் பொறியாளர்கள் ‘ஸ்க்யூ’ என்பார்கள். துடிப்பு விலகல் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். அதைக் குறைப்பதற்கான கருத்தரங்கு பனியன் ஊரான திருப்பூரில் எதற்கு என்று கேட்பவர்கள், சிலிண்டர், டயல் என்று இரண்டு ஊசி வரிசை கொண்ட இங்குள்ள ரிப் மெஷின் ஒன்றின் அருகில் சற்று நின்று பார்க்க வேண்டும். துணி இறுக்கமாக வர வேண்டுமானால், சிலிண்டர் ஊசி வளையத்தை இறக்கிய பிறகு, சில ஊசி தள்ளி டயல் ஊசி இறக்கும்படி ஃபிட்டர் டைமிங் வைக்கிறார். ஜக்கார்டு வேலைக்கு இரண்டும் ஒரே சமயத்தில் இறங்கும்படி மாற்றுகிறார். முன்பின் இருப்பதே பழுது என்று அவர் நினைப்பதில்லை. எவ்வளவு முன்பின் என்பது தன் கைக்குள் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். சில்லுக்கும் இந்தப் பார்வையே பொருந்தும் என்பதுதான் இவ்வுரையில் நான் முன்வைக்கும் வாதம்.

துடிப்பு புறப்படும் இடம் ஒன்றுதான். அது போய்ச் சேரும், துடிப்பு விழும்போது தரவைப் பிடித்துவைக்கும் ஃபிளிப்-ஃபிளாப்புகளோ லட்சக்கணக்கில் இருக்கின்றன. கம்பியின் நீளம், வழியில் நின்று துடிப்பை வலுப்படுத்தி அனுப்பும் பஃபர்கள், அவை இழுக்கும் சுமை, வெப்பம், மின்னழுத்தச் சரிவு எல்லாம் சேர்ந்து நேரத்தைப் பிசகவைக்கின்றன. 1 ஜிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு சுழற்சி 1000 பிகோ விநாடி. அதில் 100 பிகோ விநாடி விலகினால் பத்தில் ஒரு பங்கு போயிற்று. இதனால் வரும் கேடு இரண்டு வகை. தரவைப் பிடிக்கும் ஃபிளிப்-ஃபிளாப்புக்குத் துடிப்பு முந்தி வந்தால் தரவு உரிய நேரத்தில் வந்து சேராது. இது செட்டப் பிழை. கடிகாரத்தை மெதுவாக ஓட்டி, குறைந்த வேகச் சில்லு என்று அதை விற்றுவிடலாம். துடிப்பு பிந்தி வந்தால், பழைய தரவைப் பிடிப்பதற்குள் புதிய தரவு வந்து அதை அழித்துவிடும். இது ஹோல்ட் பிழை. இதற்குக் கடிகாரத்தை எவ்வளவு மெதுவாக்கினாலும் பயனில்லை. அச்சேறிய சில்லு குப்பைக்குத்தான். ஆகவே இரண்டு விலகல்களையும் ஒரே தட்டில் வைத்து எடை போடக் கூடாது.

விலகலை அடியோடு ஒழிக்க முயன்றவர்கள் கொடுத்த விலையும் நமக்குத் தெரியும். 1992இல் 200 மெகாஹெர்ட்ஸில் ஓடிய டெக் நிறுவனத்தின் ஆல்ஃபா 21064 சில்லில், மொத்த மின்சக்தியில் ஏறத்தாழ 40 சதவீதத்தைக் கடிகார அமைப்பே எடுத்துக்கொண்டது. இன்டெல்லின் முதல் இட்டானியம் வேறு வழியில் போனது. பகுதிக்குப் பகுதி துடிப்பை ஒப்பிட்டுத் தானே தாமதத்தைத் திருத்திக்கொள்ளும் சுற்றுகளை அதில் வைத்தார்கள். 110 பிகோ விநாடி என்று மதிப்பிடப்பட்ட விலகல் 28 ஆகச் சுருங்கியது. அங்கும் அது பூஜ்யமாகவில்லை, அளவுக்குள் நின்றது. முன்னது சில்லு முழுவதும் முரட்டு பலத்தைச் செலவிட்டது. பின்னது ஃபிட்டர் செய்வதைப் போல அளந்து திருகியது.

இதற்கும் ஒரு படி மேலே, விலகலையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதை ஜான் ஃபிஷ்பர்ன் 1990இல் கணித வழியில் காட்டினார். ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பிலிருந்து அடுத்ததற்குத் தரவு செல்வதை ஒரு கட்டம் என்போம். அடுத்தடுத்த இரண்டு கட்டங்களில் முதலாவதற்கு 1100 பிகோ விநாடியும் அடுத்ததற்கு 800ம் தேவை என்று கொள்வோம். எல்லா இடத்திலும் துடிப்பு ஒன்றாக விழுந்தால் சுழற்சி 1100க்குக் கீழே இறங்காது. நடுவில் உள்ள ஃபிளிப்-ஃபிளாப்பை 150 பிகோ விநாடி வேண்டுமென்றே பிந்தவைத்தால் இரண்டு கட்டமும் 950இல் முடிந்துவிடும். ஒரு கட்டத்தின் மிச்ச நேரம் நெருக்கடியில் இருக்கும் பக்கத்துக் கட்டத்துக்குப் போகிறது.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. உற்பத்தியில் டிரான்சிஸ்டருக்கு டிரான்சிஸ்டர் வேறுபடும்போது 150 என்று திட்டமிட்டது 190 ஆகலாம். முதல் கட்டத்தின் மிகக் குறுகிய பாதை அதற்குள் தரவைக் கொண்டுவந்துவிட்டால் ஹோல்ட் பிழைதான் மிஞ்சும். மறுப்பு நியாயமானது. ஆனால் பூஜ்யம் என்று திட்டமிட்டாலும் அதே வேறுபாடு வந்தே தீரும். குறுகிய பாதைகளில் தாமத பஃபர் சேர்த்து, வேறுபாட்டுக்கும் இடம்விட்டு, அதற்குள் விலகலைத் தேர்ந்தெடுப்பதே விடை. துடிப்பைக் கிளைகிளையாகப் பிரித்துக் கொண்டுபோகும் கடிகார மரத்தை மென்பொருள் கருவியே அமைத்துவிடுகிறதே என்பது இன்னொரு மறுப்பு. கருவி நாம் கொடுத்த வரம்புக்குள் தேடும். வரம்பை நாம்தான் சொல்ல வேண்டும். கடிகாரமே வேண்டாம் என்பாரும் உண்டு. பருத்தி ஆலைகளால் பெயர்பெற்ற மான்செஸ்டரின் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் ஃபர்பர் குழுவினர் கடிகாரமில்லாத அமுலெட் செயலிகளைச் செய்து ஓட்டியும் காட்டினார்கள். ஆயினும் ஒவ்வொரு கட்டமும் அடுத்ததிடம் கேட்டுக் கேட்டுத் தரவை ஒப்படைக்கக் கூடுதல் சுற்று வேண்டும், சோதிப்பதும் கடினம். பெரும்பாலான சில்லுகள் இன்றும் கடிகாரத்தை நம்பியே ஓடுகின்றன.

நம் நாட்டில் இந்த வேலை ஏட்டளவில் நிற்கவில்லை. சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள் 2018இல் அமெரிக்காவின் ஆரிகனில் இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையிலும், சண்டிகர் அருகே உள்ள செமிகண்டக்டர் லேபரட்டரியின் 180 நானோமீட்டர் ஆலையிலும் சில்லாகின. தர்க்க வடிவத்தை ஓர் ஆலையிலிருந்து இன்னோர் ஆலைக்கு எடுத்துச்செல்லலாம். கடிகார மரத்தை அப்படி எடுத்துச்செல்ல முடியாது. கம்பியின் தாமதமும் டிரான்சிஸ்டரின் தாமதமும் மாறுவதால் விலகலை ஒவ்வோர் ஆலைக்கும் புதிதாகக் கணக்கிட வேண்டும். நூலும் கேஜும் மாறும்போது மெஷினை மறுபடி செட் செய்வதைப் போன்றது இது. ஒரே வேறுபாடு, மெஷின் ஃபிட்டர் முதல் மீட்டர் துணியைப் பார்த்துத் திருத்தலாம். சில்லுக்காரர் ஆலைக்கு அனுப்பும் முன்பே திருத்தி முடித்திருக்க வேண்டும்.

ஆதலால் இந்த அரங்கில் கட்டுரை படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை பிகோ விநாடியைக் குறைத்தீர்கள் என்பதோடு, எவ்வளவை எதற்காக விட்டுவைத்தீர்கள், அதற்கு ஹோல்ட் பக்கம் எவ்வளவு இடைவெளி இருக்கிறது, எவ்வளவு மின்சக்தி செலவாயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த நான்கு எண்களும் இருந்தால்தான் ஒருவர் முறையை இன்னொருவர் தம் சில்லில் வைத்துப் பார்க்க முடியும். அந்தக் கணக்கோடு முதல் அமர்வைத் தொடங்குவோம்.