விளையாடாத கேம் அரியர் கிடையாது

(ஜூன் மாத ஞாயிறு சந்திப்பில், கிளப் ஹவுஸில், பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

வீடியோ கேம் பற்றிப் பேச்சு என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் பிள்ளைகள்தான் வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். முன்வரிசை முழுக்கப் பெரியவர்கள் இருக்கிறீர்கள். பிள்ளைகள் கீழே ஷட்டில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். சந்தோஷம்தான்.

கேம் விளையாடாதவர்களுக்கும் இந்த விஷயம் தெரிந்ததுதான். ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போகிறோம், இரண்டு பை நிறைய வாங்கி வருகிறோம். அடுத்த ஜனவரியில் அந்தப் பையில் பாதி பிரிக்காமலே இருக்கும். ஜப்பானிய மொழியில் இப்படி வாங்கி அடுக்கிவிட்டுப் படிக்காமல் வைப்பதற்கு 'சுண்டோகு' என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. அதே பாணியில் கேம் வாங்கி அடுக்குவதற்கு 'சுமிகே' என்று இன்னொரு சொல்லும் உண்டாக்கிவிட்டார்கள். நம் வீட்டுப் பையன்கள் இதை 'பேக்லாக்' என்கிறார்கள். நம் காலத்துக் கல்லூரி மொழியில் சொன்னால் அரியர். எழுதாமல் விட்ட பேப்பர் மாதிரி, விளையாடாமல் விட்ட கேம்.

எங்கள் வீட்டில் இந்த அரியர் 140. என்னுடையது, பையனுடையது, வீட்டுக்காரர் வாங்கிய கிரிக்கெட், ஃபுட்பால் கேம்கள் எல்லாம் சேர்த்து. பத்து வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து நோட்டில் எழுதி எண்ணினோம்.

140 எப்படிச் சேர்ந்தது என்று கேட்பீர்கள். என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும், டிவியில் சொருகி ஆடும் கேசட். மேலே 'தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது கேம்' என்று எழுதியிருக்கும். உள்ளே மாரியோ, காண்ட்ரா, டாங்கி என்று ஒரு பத்து இருக்கும், அதையே திரும்பத் திரும்பப் பெயர் மாற்றிப் போட்டிருப்பார்கள். அந்தப் பத்தை நாங்கள் கரைத்துக் குடித்தோம். கோடை லீவில் சித்தப்பா வீட்டில் ஆறு பேர், இரண்டு கண்ட்ரோலர். உயிர் போனால் கைமாற்ற வேண்டும். வேறு கேம் இல்லை என்பதால் யாருக்கும் எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

இப்போது கதை வேறு. கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் கடை 2003இல் ஆரம்பித்தது. 2015 முதல் அதில் ரூபாயிலேயே விலை. 2018இல் எபிக் என்று இன்னொரு கடை வந்தது, அவர்கள் கேம்களை இலவசமாகவே கொடுத்தார்கள். 2020 மே மாதம், நாமெல்லாம் ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்தபோது, 'ஜிடிஏ 5' ஒரு வாரத்துக்கு இலவசம் என்று அறிவித்தார்கள். கூட்டம் தாங்காமல் கடையின் இணையதளமே படுத்துவிட்டது. அதற்கு அடுத்த வாரம் 'சிவிலைசேஷன் 6' இலவசம். எங்கள் நோட்டில் அந்த இரண்டும் இருக்கின்றன. இரண்டையும் யாரும் திறந்ததில்லை. ஆடித் தள்ளுபடியில் எடுத்த புடவையாவது பீரோவில் இடம் அடைக்கும், கண்ணில் படும். இது எங்கேயும் இடம் அடைக்காது. அதனால்தான் 140 வரை போனது.

சரி, ஒரு கணக்கு போடுவோம். ஒரு கேமுக்குச் சராசரியாக 15 மணி நேரம் என்று வையுங்கள். 'விட்சர் 3' மாதிரி ஒன்று கதையை மட்டும் முடிக்கவே 50 மணி நேரம் கேட்கும், சின்னது இரண்டு மணியில் முடியும். 140 கேமுக்கு 2,100 மணி நேரம். வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கினால், புதிதாக ஒன்றுகூட வாங்காமல் இருந்தால், பத்து வருஷம். அதற்குள் எனக்கு மூட்டுவலி வந்துவிடும்.

நம் வீட்டில் மட்டும்தான் இப்படியா என்றால், இல்லை. 2024ஆம் வருஷத்துக்கு ஸ்டீம் வெளியிட்ட கணக்கின்படி, அந்த வருஷம் மக்கள் விளையாடிய நேரத்தில் அந்த வருஷமே வெளிவந்த கேம்களுக்குப் போனது 15 சதவீதம்தான். எல்லாரையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பவரைப் பார்த்தால், அவர் ஒரு வருஷத்தில் தொட்டது நான்கே கேம். ஆக, முழுசாக முடிப்பது என்பது யாருக்கும் நடக்காத காரியம். இது எனக்குப் பெரிய நிம்மதி. அரியர் என்றால் எழுதியே தீர வேண்டும், இல்லாவிட்டால் டிகிரி கிடையாது. இங்கே டிகிரி கொடுக்கிறவர் யாரும் இல்லை.

அப்படியானால் அப்படியே விட்டுவிடலாமே, ஏன் நோட்டைப் போட்டு எண்ண வேண்டும்? இரண்டு காரணம் இருக்கிறது.

முதலாவது, நாம் வாங்கியது எதை என்பது. பணம் கட்டியதும் கேம் நம்முடையது என்று நினைக்கிறோம். டவுன்லோட் செய்து ஆடுவதில் நாம் வாங்குவது விளையாடும் அனுமதி மட்டும்தான். கலிபோர்னியாவில் இதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. 2024 அக்டோபரிலிருந்து ஸ்டீமில் பணம் கட்டும் இடத்திலேயே இது அனுமதி மட்டும்தான் என்று ஒரு வரி வருகிறது. அதை யாரும் படிப்பதில்லை, நாம் லிஃப்ட் அறிவிப்பைப் படிப்பதில்லையே, அதே மாதிரி.

அனுமதி என்பதால் அது ஒருநாள் நிற்கவும் செய்யும். யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வரை 2024 மார்ச் 31ஆம் தேதி அணைத்தார்கள். டிஸ்க் கையில் வைத்திருந்தவர்களாலும் அதற்குப் பிறகு ஆட முடியவில்லை. நின்டென்டோவின் 3டிஎஸ், வீ யூ இரண்டுக்குமான கடை 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்தியது. எக்ஸ்பாக்ஸ் 360இன் கடை 2024 ஜூலையில் மூடியது. பிளேஸ்டேஷன் பிளஸில் மாதாமாதம் கிடைக்கும் கேம்கள் சந்தா கட்டும் வரைதான். இன்னொன்று, பெரியவர்கள் கவனிக்க: ஸ்டீம் கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. உயில் எழுதி வைத்தாலும் மாற்றித் தர முடியாது என்று அவர்களின் உதவிப் பிரிவு ஒருவருக்குப் பதில் அனுப்பியது 2024இல் செய்தியாக வந்தது. பாட்டியின் வளையல் பேத்திக்குப் போகும். என்னுடைய 140 கேம் எங்கேயும் போகாது.

இரண்டாவது காரணம் எங்கள் வீட்டோடு சம்பந்தப்பட்டது. பையன் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தான். ஆகஸ்ட் நடுவில் ஹாஸ்டலுக்குப் போகிறான். நோட்டில் எழுதி முடித்த அன்று அவனே காலண்டரைப் பார்த்துவிட்டு, "அம்மா, 16 வாரம்தான் இருக்கு" என்றான். வாரத்துக்கு நான்கு மணி என்றால் 64 மணி நேரம். 2,100இல் 64.

அந்த எண் வந்ததும் வேலை சுலபமாகிவிட்டது. எதை எப்போது முடிப்பது என்ற கேள்வி போய், இந்த 64 மணி நேரத்தில் சேர்ந்து எதை ஆடுவது என்பது மட்டும் மிஞ்சியது. 'விட்சர் 3' அடிபட்டது. 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' அடிபட்டது, அதுவும் 50 மணி நேர ஆசாமி. சர்வர் தேவைப்படுகிற பந்தயம், சுடுகிற கேம் எல்லாம் அவன் தனியாக நண்பர்களோடு ஆடுவான், அதுவும் போயிற்று. நோட்டில் மிஞ்சியது பதினொன்று.

முதலில் எடுத்தது 'இட் டேக்ஸ் டூ'. 2021இல் வந்தது. இதைத் தனி ஆளாக ஆடவே முடியாது, இரண்டு பேர் வேண்டும். விவாகரத்துக்குத் தயாராகிற ஒரு கணவனும் மனைவியும் பொம்மைகளாக மாறிவிடுகிறார்கள். ஒருவரிடம் ஆணி, இன்னொருவரிடம் சுத்தியல். நான் ஆணியை எறிந்து சுவரில் பதித்தால்தான் அவன் சுத்தியலை அதில் மாட்டித் தொங்கி அந்தப் பக்கம் தாவ முடியும். என் குறி தவறத் தவற அவன் பள்ளத்தில் விழுந்துகொண்டே இருந்தான். பிளஸ் டூ முழுக்க "படிச்சியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த வீட்டில், "அம்மா, அவசரப்படாதே, நான் சொன்னதும் எறி" என்று அவன் எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். கிட்டத்தட்ட 14 மணி நேரம், நான்கு வாரத்தில் முடித்தோம். ஒருவர் வாங்கியிருந்தால் போதும், மற்றவர் வேறு ஊரிலிருந்தும் இணையத்தில் சேர்ந்து ஆடலாம். ஆனால் ஹாஸ்டல் வைஃபையை நம்பி எதையும் திட்டம் போடக் கூடாது என்று சீனியர் பையன்கள் சொல்கிறார்கள்.

அடுத்தது 'வெண்பா'. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்கிறேன், ஏனென்றால் கேம் என்றாலே துப்பாக்கி என்று நினைக்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 1980களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறிய குழு 2023இல் வெளியிட்டது, 2024இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது வாங்கியது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அம்மாவிடம் ஒரு பழைய சமையல் குறிப்பு நோட்டு இருக்கிறது, பக்கங்கள் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கின்றன. விட்டுப்போன வரியை நாம் யோசித்துக் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். ஆரம்பமே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்று பையன் திணறிக்கொண்டிருந்தான். பூஜை அறையிலிருந்து வந்த என் மாமியார் கண்ணாடியைக்கூடப் போடாமல், "குழிக்கு மேல குழி வராம திருப்பி வைடா கண்ணா, ஆவி போகணும்ல" என்றார். அதன் பிறகு கேம் முடிகிற வரை சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

அந்தக் கதையில் பையன் வளர்கிறான், அம்மாவை விட்டு மெல்ல மெல்லத் தள்ளிப் போகிறான். அம்மா அனுப்பும் செய்திக்குப் பதில் வரத் தாமதமாகிறது. அந்தக் கட்டம் வந்தபோது எங்கள் ஹாலில் யாரும் பேசவில்லை. என் மாமியார்தான், "அவ ஃபோன் பண்ணா எடுக்கலாம்ல இவன்" என்றார். பையன் கண்ட்ரோலரை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான்.

இப்போது பத்து வாரம் முடிந்திருக்கிறது. பதினொன்றில் ஐந்து ஆடிவிட்டோம். ஒன்றைப் பாதியில் விட்டோம், சலிப்பாக இருந்தது, இரண்டு பேருக்கும் வருத்தமில்லை. இரண்டு மணி நேரம் ஆடியும் பிடிக்கவில்லை என்றால் எடுத்து வைத்துவிடலாம் என்பது நாங்கள் போட்ட ஒரே விதி. புதிதாக வாங்குவதற்கும் இதே அளவுகோல் உதவும். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆகவே வாங்கினால் அந்த வாரமே திறந்து பாருங்கள். ஆஃபரில் கிடைக்கிறதே என்று வாங்கி வைத்தால் அந்த வசதி கையை விட்டுப் போகும். கோடைத் தள்ளுபடி இப்போதுதான் வருகிறது, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கார்டைக் கேட்பார்கள். கேட்டால், போன வருஷம் வாங்கியதில் எது திறக்காமல் இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஸ்டீமில் குடும்ப வசதி ஒன்றும் இருக்கிறது, ஒரே வீட்டில் இருக்கும் ஆறு பேர் வரை தங்கள் கேம்களைப் பகிர்ந்துகொள்ளலாம். அண்ணன் ஏற்கெனவே வாங்கியதைத் தம்பி மறுபடி வாங்க வேண்டியதில்லை.

டிஸ்க்காக வாங்கிய கேம்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, கைமாற்ற முடியும். எங்கள் வீட்டில் மிஞ்சிய பிஎஸ்4 டிஸ்க் 19ஐ இன்று கொண்டுவந்திருக்கிறேன், அதோ அந்த அட்டைப் பெட்டியில். நூலக அலமாரியின் கீழ்த்தட்டைச் செயலாளர் சார் இதற்காக ஒதுக்கித் தந்திருக்கிறார். உங்களிடம் இருப்பதையும் வையுங்கள், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், பதிவேட்டில் பிளாக், வீட்டு எண், தேதி எழுதினால் போதும். உறையில் 18 என்று போட்டிருக்கும் டிஸ்க்குகள் மேல் தட்டில், பெரியவர்கள் கையெழுத்திட்டுத்தான் எடுக்க வேண்டும். பல வருஷம் சார்ஜ் போடாமல் கிடந்த கண்ட்ரோலர்களில் பேட்டரி உப்பியிருக்கலாம். அவற்றை அலமாரியில் வைக்காதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள், கேட் பக்கத்தில் இருக்கும் மின்கழிவுப் பெட்டியில் போடுங்கள்.

அலமாரி ஞாயிறு நான்கு மணி முதல் ஆறு வரை திறந்திருக்கும். ஆகஸ்ட் நடுவரை நான்கு மணிக்கு நான் வர முடியாது, அந்த நேரம் எங்கள் வீட்டில் 'போர்ட்டல் 2' ஓடுகிறது. ஏ பிளாக் தம்பி ஒருவர் பார்த்துக்கொள்கிறார். கேள்வி இருந்தால் கேளுங்கள், பஜ்ஜி வருவதற்குள் இரண்டு மூன்று பார்த்துவிடலாம்.