தமனித் தடிப்பும் தண்ணீர்மலைப் படிகளும்



பினாங்குத் தண்ணீர்மலையில் கோயில் கொண்டருளும் பாலதண்டாயுதபாணியைத் தைப்பூச நன்னாளில் 513 படிகளேறித் தொழுவது அன்பர்கள் பலரின் வழக்கம். அவ்வாறு ஏறுங்கால் நடுமார்பில் பாரம் வைத்தாற்போன்ற அழுத்தம் தோன்றுவதும், சற்றே அமர்ந்ததும் அது விலகுவதும் சிலருக்கு நேர்கின்றன. வாயுக் கோளாறு என்று அதனைத் தள்ளிவிடுவோர் மிகுதி. இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனிகள் குறுகியிருப்பதன் முதல் அறிகுறியாக அது இருத்தல் கூடும்.

தமனியின் உட்சுவர் பட்டுப்போல் வழவழப்பானது. குருதியில் மிகுந்துவிட்ட கொலஸ்ட்ரால் என்னும் கொழுப்பு அச்சுவருக்குள் புகுந்து படிகின்றது. நாளடைவில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் அதனோடு சேர, நெகிழ்ந்து கொடுக்கவேண்டிய குழாய் இறுகிவிடுகின்றது. இந்நோய்க்கு அதிரோஸ்கிலிரோசிஸ் என்னும் பெயரை 1904ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் மார்ச்சண்ட் இட்டார். கிரேக்க மொழியில் முற்பகுதி கூழையும் பிற்பகுதி இறுக்கத்தையும் குறிக்கும். குழாயை அறுத்துப் பார்த்தவர் கண்ணுக்கு அது கூழாகவே தோன்றியது போலும்! அப்படிவு வெடித்து, அவ்விடத்தில் குருதி உறைந்து வழி அடைபட்டால், இதயத்தில் மாரடைப்பு, மூளையில் பக்கவாதம். கால் தமனி குறுகினால் நடக்கும்பொழுது கெண்டைக்கால் வலிக்கும். சிறுநீரகமும் தப்புவதில்லை.

முதுமையில் மட்டுமே வரும் நோயன்று இது. கொரியப் போரில் மாண்ட அமெரிக்க வீரர் 300 பேரின் இதயங்களை ஆராய்ந்த அறிக்கையொன்று 1953இல் வெளிவந்தது. அவர்களின் சராசரி வயது 22 மட்டுமே. எனினும் நான்கில் மூன்று பங்கினரிடம் இந்நோயின் சுவடு காணப்பட்டது.

இந்திய வம்சாவளியினர் இங்குக் கூடுதலாக அஞ்சவேண்டிய காரணம் உண்டு. பின்னாளில் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவராக விளங்கிய பேராசிரியர் டி. ஜே. தனராஜ், சிங்கப்பூரின் பிணப் பரிசோதனைப் பதிவேடுகளைத் தம் குழுவினருடன் ஆராய்ந்து 1959இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இதயத் தமனி நோய் சீனரைக் காட்டிலும் இந்தியரிடம் பன்மடங்கு மிகுந்திருந்தது. அதே நகரம், அதே காற்று; விளைவு மட்டும் வேறு!

மரபு ஒரு காரணம், நீரிழிவு மற்றொன்று. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியருள் வயது வந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு. நீரிழிவாளருக்கு மாரடைப்பு வலியின்றியும் வரக்கூடும் என்பதே பெரும் அபாயம். கட்டிப்பால் கலந்த தே தாரேக்கும் நெய்ப் பண்டங்களும் நாள்தோறும் வேண்டுமா என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கலாம். புகைபிடித்தலுக்கோ எந்தச் சலுகையும் இல்லை.

ஓய்வெடுத்தும் மார்புவலி நீங்காவிடில் உடனே 999 எண்ணை அழைத்தல் வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று உறங்கச் செல்லுதல் கூடாது. நாற்பதைக் கடந்தோரும், நீரிழிவுள்ள குடும்பத்தினராயின் முப்பதைக் கடந்தோரும், இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றையும் ஆண்டுதோறும் சோதித்துக்கொள்ளலாம். அரசாங்கச் சுகாதார நிலையங்களில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு ரிங்கிட் மட்டுமே.